கதைக்குக் காசு வந்த விதம்

இணையத்தில் எழுதிச் சம்பாதிப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த நிச்சயமான வழி ஒன்றுதான். யாராவது சாக வேண்டும்.

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உங்களில் பலர் பிறக்காத அல்லது பால்பல் விழாத காலத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நான் இணையத்தில் தமிழ் எழுதினேன். மூன்றரை வருடம் அதில்தான் சோறு தின்றேன். அந்தச் சோற்றில் ஒரு பருக்கைகூட என் கதைகளால் வந்ததில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் நான் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். ரிங்கிட்டின் மதிப்பு சரிந்த சமயத்தில் பத்திரிகை பக்கங்களைக் குறைத்தது, பிறகு ஆட்களைக் குறைத்தது. என்னை வீட்டுக்கு அனுப்பிய அதே வாரம் விளம்பரப் பகுதியில் இருந்த ஒருவரையும் அனுப்பினார்கள். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், இலவச விளம்பரம் கொடுத்ததற்காக எனக்கே பில் அனுப்பக்கூடியவர். கூட்டாளி என்று வைத்துக்கொள்வோம். இருவரும் கிடைத்த பணத்தைப் போட்டு ஒரு கணினி, ஒரு ஸ்கேனர், ஒரு தொலைபேசி இணைப்பு வாங்கி, இணையத்தில் ஒரு மாத இதழ் தொடங்கினோம். "எழுதறது உங்க வேலை. கூவுறது என் வேலை" என்றார் கூட்டாளி. தொழிலைப் பற்றி நான் கேட்ட மிகச் சுருக்கமான விளக்கம் அதுதான்.

அவர் கூவிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 'உலகத் தமிழரை இணைக்கும் வலை – மேல் மாடி' என்று சுவரொட்டி அடித்துக் கடைத்தெரு முழுக்க ஒட்டினார். கிள்ளானுக்கு அப்பால் மேரு என்ற ஊரிலிருந்து ஒருவர் படியேறி வந்து, மீன் வலை முழம் என்ன விலை என்று கேட்டார். எங்கள் விளம்பரத்தைப் பார்த்து வந்த முதல் வாசகர் அவர். அடுத்துக் கிள்ளானில் சேலைக் கடை வைத்திருந்த ஒருவரைக் கூட்டாளி பிடித்தார். நான் எழுதிய தொடர்கதைக்குக் கீழே அவர் கடை விளம்பரம் வரும், காசு தொடர் முடிந்த பிறகு. மூன்றாவது அத்தியாயத்திலிருந்து கதாநாயகி மாதம் ஒரு சேலை எடுக்க வேண்டும் என்று கடைக்காரர் விரும்பினார். எடுத்தாள். ஏழாவது அத்தியாயத்தில் அவள் கணவன் இறந்துபோனான். கடைக்காரர் விளம்பரத்தை நிறுத்திவிட்டார். இனிமேல் அவள் நல்ல சேலையாக எடுக்க மாட்டாள் என்பது அவர் கவலை. கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், என் கதையை அவ்வளவு அக்கறையோடு படித்தவர் வேறு யாரும் இல்லை.

மற்றவர்கள் படிக்காததற்கு நியாயமான காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் தமிழ் தெரியாது. எழுத்துருவை இறக்கிக் கணினியில் போட்டுக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாதவர்களுக்கு என் கதை முழுவதும் கட்டமும் கேள்விக்குறியுமாகத் தெரியும். அதையும் மீறி "புதுமையான நடை" என்று பாராட்டி ஒருவர் மின்னஞ்சல் போட்டார். அவர் எந்த வடிவத்தில் படித்தார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இப்படி இருக்கும்போது கிள்ளானிலிருந்து ஒருவர் வந்து, அவருடைய அம்மா தவறிப்போன செய்தியை லண்டனில் இருக்கும் தம்பி பார்க்கும்படி போட முடியுமா என்று கேட்டார். அச்சில் அடிப்பதுபோல் அடித்து, படத்தோடு ஸ்கேன் செய்து, படமாகவே ஏற்றினோம். படத்துக்கு எழுத்துரு தேவையில்லை. லண்டனில் அவ்வளவு பேரும் படித்தார்கள், அழுதார்கள், தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு டொராண்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் சொந்தம். அங்கெல்லாம் செய்தி போய்ச் சேர எங்களைவிட மலிவான வழி இல்லை. கதை இதழ் அப்படியே இருந்தது. மரண அறிவிப்புப் பக்கம் அதற்குச் சோறு போட்டது.

நான் அதைக் கேவலமாக நினைக்கவில்லை. கவனமாக எழுதினேன். "அன்னார்" என்று தொடங்கி "ஆவார்" என்று முடியும் அந்த நீண்ட வாக்கியத்துக்குள் ஒரு மனிதருடைய மொத்த உறவுகளையும் வரிசை மாறாமல் அடுக்குவது லேசான காரியம் இல்லை. மூத்த மருமகன் இரண்டாவதாக வந்தால் குடும்பம் பிரிந்துவிடும். ஒரு கல்யாணத்தில் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் நீங்கதான் எழுதணும்மா" என்றார். என் கதைகளுக்காக என் கையை யாரும் பிடித்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் ராஜேஸ்வரி டீச்சர் வந்தார். பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா செல்லத்துரை காலமாகியிருந்தார். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர், கோயில் கமிட்டித் தலைவர், கண்டிப்புக்குப் பெயர் போனவர். தெருவில் அவரைப் பார்த்தால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்ளத் தோன்றும். டீச்சர் எல்லாப் பெயர்களையும் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். மனைவி, மூன்று பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், டொராண்டோவில் ஒன்றுவிட்ட தம்பி மக்கள்வரை. "நாங்க தாற பேர் மட்டும்தான் வரவேணும்" என்றார். எல்லாரும் சொல்வதுதான் என்று நினைத்தேன். கடைசியில் ஒரு நல்ல வரி சேர்க்கச் சொன்னார். 'வாழ்நாள் முழுவதும் சைவ உணவையும் சைவ நெறியையும் கைவிடாதவர்' என்று எழுதினேன். அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்கும்தான்.

அறிவிப்பு ஏறிச் சில நாட்கள் கழித்து ஒரு காலை வேளையில், ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் படியேறி வந்தார். கூடவே இருபத்தெட்டு வயது மகன். அம்மாள் பெயர் சரோஜா, மகன் சேகர், ஊர் ஜெஞ்சாரோம். சேகர் லோரி ஓட்டுபவர். கிள்ளானில் சரக்கு ஏற்றும் கம்பெனி ஆபீசில் யாரோ எங்கள் பக்கத்தைத் திறந்து வைத்திருக்க, திரையில் இருந்த படத்தை அவர் பார்த்திருக்கிறார். அச்செடுத்துக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டியிருக்கிறார்.

செல்லத்துரை சேகருக்கு அப்பா.

இருபத்தொன்பது வருடமாக, ஒவ்வொரு புதன்கிழமையும் செல்லத்துரை ஜெஞ்சாரோமுக்குப் போயிருக்கிறார். இரண்டு புதன்கிழமை வராததால் உடம்பு சரியில்லை என்று சரோஜா நினைத்திருந்தார். விசாரிக்க அவருக்கு வழியில்லை. எந்த எண்ணுக்கும் கூப்பிடக்கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. மூன்றாவது புதன்கிழமைக்குள் எங்கள் அறிவிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் எழுதியது ஜெஞ்சாரோமில்தான் உண்மையில் தேவைப்பட்டிருக்கிறது. விளம்பரத்தின் வீச்சு என்று இன்றைக்கு நீங்கள் பேசும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

சரோஜா அழவில்லை. முப்பத்தொன்றாம் நாள் காரியத்துக்கு இன்னோர் அறிவிப்பு வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதில் தன் பெயரையும் மகன் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டார்.

"நாங்க அவருக்கு என்னன்னு போட வேணாங்க. பேரு மட்டும் போதும். கடைசியில, சின்ன எழுத்துல."

சேகர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். "வேணாம்மா, போலாம் லா" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

குடும்பத்தாரைக் கேட்காமல் சேர்க்க முடியாது என்று சொன்னேன். கேட்க வேண்டாம் என்றார் சரோஜா. அந்தக் குடும்பத்தைச் சங்கடப்படுத்த அவர் வரவில்லை. ஓர் இடத்தில் எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

கூட்டாளிக்கு இதில் குழப்பமே இல்லை. இரண்டு அறிவிப்பு போடுவோம் என்றார். பெரிய வீட்டுக்கு ஒன்று, இவர்களுக்குத் தனிப் பக்கத்தில் ஒன்று. இரண்டுக்கும் கட்டணம். ஒருவரை இரண்டு குடும்பம் இழந்திருந்தால் இரண்டு அறிவிப்பு வருவதுதானே முறை என்று கேட்டார். அவர் சொன்னது முறைதான். ஆனால் டொராண்டோவில் யாராவது ஒருவர் இரண்டையும் பார்ப்பார், அன்று மாலையே பிரிக்பீல்ட்ஸுக்குத் தொலைபேசி வரும் என்பதும் தெரிந்தது. எங்களுக்கு வந்துகொண்டிருந்த அறிவிப்புகளில் பெரும்பாதி டீச்சரின் உற்றார் உறவினர் வழியாக வந்தவை. அவர்கள் ஒதுங்கினால் வாடகை கொடுக்க முடியாது. பெட்டாலிங் ஜெயாவில் வேறொருவர் இதே தொழிலைத் தொடங்கியிருந்தார். அவரிடம் வண்ணப் படம் வேறு.

இந்த இடத்தில் உங்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். என்னிடம் இல்லை. அன்றைக்கு எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. எங்கள் தளத்தில் இரண்டு பகுதி இருந்தது. ஒன்றில் காசு வாங்கிக்கொண்டு, அவர்கள் சொன்னதை உண்மை என்று போட்டேன். இன்னொன்றில் காசு வாங்காமல், நான் நினைத்ததைப் பொய் என்று போட்டேன். இரண்டாவது பகுதியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே இடம் தாராளமாக இருந்தது.

மறுநாள் சரோஜா வந்தபோது, அறிவிப்பில் போட முடியாது, ஆனால் கதையாக எழுதலாம் என்று சொன்னேன். கதை என்றால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார். நீங்கள் சொல்வதை எழுதுவேன் என்றேன். பெயரை மாற்றிவிடலாம் என்று நான் சொன்னதும் அவருக்கு முகம் மாறியது.

"பேர மாத்திட்டா அது வேற ஆளு இல்லீங்களா?"

ஆகவே சரோஜா, சேகர், ஜெஞ்சாரோம் மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்வது என்றும், அவரை வெறும் செல்லத்துரை என்று மட்டும் சொல்வது என்றும் முடிவு செய்தோம். தகப்பன் பெயர், பதவி, கோயில் எதுவும் இல்லை. செல்லத்துரைகள் ஊரில் நிறைய இருந்தார்கள்.

அன்று மதியம்வரை அவர் சொன்னார், நான் எழுதினேன். செல்லத்துரை கிள்ளான் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வருவார். வந்ததும் கால்சட்டையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கைலி கட்டிக்கொள்வார். வெண்டைப் பாத்திக்குத் தண்ணீர் விடுவார். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் கொண்டுவரும் கெட்டுப்போன வானொலிகளைப் பிரித்துப் போட்டு, பாதியை இன்னும் கெடுத்துக் கொடுப்பார். தொலைக்காட்சியில் மல்யுத்தம் வந்தால் கையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். மதியச் சாப்பாட்டுக்கு நண்டு. அவர் கேட்பது அது ஒன்றைத்தான். சாப்பிட்ட பிறகு எலுமிச்சம்பழத்தைக் கையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். மாலை பஸ்ஸுக்கு முன்னால் குளித்துவிட்டு, மறுபடியும் கால்சட்டையும் கண்டிப்பான முகமுமாகப் புறப்படுவார். சேகர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரே ஒரு தடவை இரவு தங்கினார். காலையில் சரோஜாவிடம், நான் உனக்குச் செய்தது நியாயமில்லை என்று சொன்னாராம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொன்னேன்."

நான் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க இடமே இல்லை. மாத இதழில் கதைப் பகுதியில், என் பெயரில், அதை ஏற்றினேன். கூட்டாளி படித்துவிட்டு, நல்ல சரக்கை இலவசப் பகுதியில் போட்டு வீணாக்குகிறீர்கள் என்றார்.

கடிதங்கள் வந்தன. அதுவரை என் எந்தக் கதைக்கும் அவ்வளவு வந்ததில்லை. கற்பனை வளம் என்று லண்டனிலிருந்து ஒருவர் எழுதினார். பெண்ணின் மனத்தை ஆழமாக ஊகித்திருக்கிறீர்கள் என்றார் சிட்னிக்காரர். டொராண்டோவிலிருந்து ஒருவர் மட்டும் கறாராகக் குறை சொன்னார். கால்சட்டையைக்கூட மடித்து வைக்கும் அப்பேர்ப்பட்ட கட்டுப்பாடான மனிதர் வாரம் தவறாமல் நண்டு தின்கிறார் என்பது நம்பும்படி இல்லை, வாசகரை அதிரவைக்க வலிந்து திணித்தது, என்று எழுதியிருந்தார். அதே ஆள் இரண்டு வாரம் முன்பு எங்கள் அறிவிப்பைப் பார்த்து, 'சைவ நெறியைக் கைவிடாத பெருமகன்' என்று இரங்கல் அனுப்பியவர். இரண்டையும் எழுதியது நான்தான். பொய்யை நம்பும்படி எழுத எனக்கு நன்றாக வரும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

முப்பத்தொன்றாம் நாளுக்கு முந்தின வாரம் ராஜேஸ்வரி டீச்சர் வந்தார். அறிவிப்பின் மாதிரியைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டொராண்டோவிலிருந்து சித்தப்பா மகன் தொலைபேசியில் ஏதோ ஒரு கதையைப் பற்றிச் சொன்னதாகவும், வீட்டில் திறந்தால் எழுத்துத் தெரியவில்லை என்றும், இங்கே காட்ட முடியுமா என்றும் கேட்டார். கூட்டாளிக்கு அந்த நிமிடம் கீழே தேநீர் குடிக்க வேண்டியிருந்தது.

திரையைத் திருப்பிவைத்தேன். மறைக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. கணினி பழுது என்று சொல்லியிருக்கலாம், பாதி நாள் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் எழுதிவிட்டு ஒளித்துவைப்பதற்கு எழுதாமலே இருந்திருக்கலாம்.

டீச்சர் நிதானமாகப் படித்தார். பள்ளிக்கூடத்துக் கட்டுரையைப் படிப்பதுபோல, ஒரு விரலை வரிக்கு வரி திரையில் நகர்த்திக்கொண்டு. முடிந்ததும் மேலே போய், மறுபடியும் முதலிலிருந்து படித்தார். வாடகை, பெட்டாலிங் ஜெயாக்காரர், வண்ணப் படம் எல்லாம் வரிசையாக என் மனதில் வந்து போயின. நடுவில் சேகரின் முதுகும் வந்தது.

"இது கதைதானே?" என்று கேட்டார்.

"கதைப் பகுதியிலதான் இருக்கு, டீச்சர்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"புதன்கிழமைகளில கிளப்பில பிரிட்ஜ் விளையாடப் போறன் எண்டு சொல்லுவார். வரேக்க கையில எலுமிச்சம்பழம் மணக்கும். கிளப்பில நல்ல எலுமிச்சைச் சாறு குடுக்கினம் எண்டு அம்மா சொல்லுவா."

நான் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தொழிலில் நான் செய்த சரியான காரியங்களில் அதுவும் ஒன்று என்று இன்னமும் நினைக்கிறேன்.

டீச்சர் கைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார், கண்ணாடியை உள்ளே வைத்தார், மறுபடியும் வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு முப்பத்தொன்றாம் நாள் அறிவிப்பின் மாதிரியைக் கேட்டார். பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எதையும் சேர்க்கவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் என் பேனாவை வாங்கி, சைவ உணவைப் பற்றிய வாக்கியத்தை நேர்கோடாக அடித்தார்.

"இது வேண்டாம். நீளமாய் இருக்கு" என்றார்.

பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் குடும்பத்தின் அறிவிப்புகள் எதுவும் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் அவருடைய அம்மாவுக்கும் நான்தான் எழுதினேன். அந்தக் கதையைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. ஜெஞ்சாரோமுக்குப் போனாரா என்று கேட்கிறீர்கள். தெரியாது. போயிருந்தால் அழகாக இருந்திருக்கும். அதனால்தான் போயிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அறிவிப்பு வந்த பிறகு ஒரு நாள் சரோஜா தனியாக வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். கதையை அச்செடுத்து உறையில் போட்டு அவருக்காக வைத்திருந்தேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர், உதடு அசைய முழுவதையும் என் முன்னாலேயே படித்தார். அவர் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார். மகன் பெயர் வந்த இடத்திலும் நிறுத்தினார். சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். சரியாக இருக்கிறது என்றார். எழுத்தாளர்கள் எதிர்பார்க்கும் வேறு எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

பிறகு எவ்வளவு கட்டணம் என்று கேட்டார்.

கதைக்குக் கட்டணம் இல்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் கொடுத்தார்களா என்று கேட்டார். அது அறிவிப்பு, அதற்கு உண்டு, இது கதை, இதற்கு இல்லை என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் சுருங்கியது. காசில்லாமல், கணக்கில்லாமல் கிடைப்பது எதற்கும் தனக்கு உரிமை கிடையாது என்று அவர் இருபத்தொன்பது வருடமாக அறிந்திருந்தார். அது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

"அவங்க குடுத்ததயே நானும் குடுக்கறேங்க. கொறைக்காதீங்க."

கூட்டாளி இதற்குள் ரசீதுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய வேகத்துக்கு நான் நன்றி சொன்னேன். பணத்தை வாங்கிக்கொண்டேன். 'மரண அறிவிப்புக்காக' என்று எழுதினேன். யாரிடமிருந்து பெற்றது என்ற இடத்துக்கு வந்ததும், சரோஜா என்று எழுதட்டுமா என்று கேட்டேன்.

அவர் பேனா முனையைப் பார்த்தார்.

"மிஸஸ் செல்லத்துரைன்னு போட முடியுங்களா?"

போட்டேன். முத்திரையும் குத்தினேன். அதை இரண்டு கையாலும் வாங்கி, மடிப்பு விழாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். இணையத்தில் நான் எழுதிய கதைகளுக்கு வந்த காசு அது ஒன்றுதான்.

அவர் போன பிறகுதான் பார்த்தேன். கதையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.